உள்ளங்கையில் ஒரு சொட்டு

“இதுல இருக்கறதெல்லாம் நம்மாத்துக் கதைதான்,” என்றார் என் மாமியார் வேதவல்லி. நான் எழுதிய புதிய காதல் நாவல் அவர் கையில் இருந்தது.

“இல்லம்மா. கதாநாயகி பொன்மலை ரயில்வே குவார்ட்டர்ஸ்ல இருக்கா.”

“இருந்தா என்ன? உன்னை மாதிரியே பழைய பஸ் டிக்கெட்டெல்லாம் சேர்த்து வெச்சுக்கறா. மிளகு நுணுக்கறதுலேர்ந்து நம்மாத்துச் சாத்தமுதைத்தான் பண்ணறா.”

அது உண்மைதான். என் கதைகளுக்குப் பொழுதுபோக்கும் சமையலும் வீட்டிலிருந்துதான் போகின்றன.

“அப்போ இதுவும் நம்மாத்துதானே?”

அவர் விரல் வைத்த பக்கத்தில், கதாநாயகி அந்தச் சாத்தமுது ரசத்தில் ஒரு சொட்டை உள்ளங்கையில் விட்டு ருசி பார்க்கிறாள். வாசலில் நிற்கும் கதாநாயகன் அதைப் பார்த்துத்தான் மனதைப் பறிகொடுக்கிறான்.

ஸ்ரீரங்கத்தில் எங்கள் வீட்டில், பெருமாளுக்குப் படைக்கும் முன் யாரும் எதையும் ருசி பார்க்கக் கூடாது. நேற்று நாவலைப் படித்ததிலிருந்து மாமியார் என்னைச் சமையலறைக்குள் விடவில்லை. ஜன்னலைக்கூடச் சாத்திக்கொண்டு தனியாகவே சமைக்கிறார். பதினோரு வருடமாகச் சேர்த்த நம்பிக்கையை ஒரே பக்கத்தில் தொலைத்துவிட்டேனா?

“சத்தியமா அது கற்பனைம்மா. நான் ஒரு நாள்கூட ருசி பார்த்ததில்லை.”

“நீ பார்த்தேன்னு யார் சொன்னா?”

கூடத்தில் யாரும் இல்லையே என்று எட்டிப் பார்த்துவிட்டு, அவர் என் காதருகே குனிந்தார்.

“உண்மையைச் சொல்லு, வகுளா. நான் ருசி பார்க்கறதை எந்த ஜன்னல் வழியாப் பார்த்தே?”