பளிச்சென்ற கம்பம்

ஆமைகளை வைத்துக் கால்பந்து அணி நடத்திய எருமை ஒன்று இருந்தது. அந்த ஆமைகள் ஒரு கோல் போடுவதற்குள் மைதானத்துப் புல் இரண்டு முறை வளர்ந்துவிடும். ஆனால் கோல் கம்பத்தில் உட்கார்ந்து பார்க்கும் காக்கைகள், "பாய்ந்தது பார் ஆமை, புயல் மாதிரி" என்று காடு காடாகப் போய்ச் சொல்லும். அப்படிச் சொல்லும் உரிமைக்காக வருஷா வருஷம் காக்கைகளிடமிருந்து எருமைக்கு மூட்டை மூட்டையாகத் தீனி வந்து இறங்கும்.

அணியை விலைக்குக் கேட்டு நரி வருவதாகத் தகவல் வந்தது. நல்ல விலைக்குத் தள்ளிவிட்டு, மிச்ச காலத்தைக் குளத்தில் ஊறியே கழிக்க எருமைக்கு ஆசை. எச்சமிட்டு அசிங்கம் பண்ணுகிறதுகள் என்று காக்கைகளின் ஒப்பந்தத்தை முறித்து விரட்டியது. கம்பத்துக்குச் சுண்ணாம்பு அடித்தது. ஆமை ஓடுகளுக்கு எண்ணெய் தடவியது.

நரி வந்து அண்ணாந்து பார்த்தது. "காக்கைங்க எங்கே, எருமையண்ணே?"

"துரத்திட்டேன்."

"அப்போ தீனி மூட்டை?"

"அது இனிமே வராது. ஆனா பாருங்க, கம்பம் பால் மாதிரி இருக்கு. விலையைச் சொல்லட்டுமா?"

"சொல்லுங்க." நரி ஓர் ஆமையைத் தூக்கிக் கனம் பார்த்தது. "கிலோ என்ன விலை?"

ஆமைகள் எல்லாம் தலையை உள்ளே இழுத்துக்கொண்ட வேகத்தை அந்த மைதானம் அதுவரை பார்த்ததில்லை.