படத்தை எடுத்தவள்

குழந்தையைப் புதைத்த ஈரம்கூடக் காயவில்லை. அதற்குள் ஐவியின் படத்தை எல்லாக் கணினிகளிலிருந்தும் எடுத்துவிடச் சொன்னாள் ரோஸ்லின்.

ஆஸ்திரேலியாவின் ஹோபார்ட் நகரில், கணினித் திரையில் படம் வரைகிற மென்பொருளைச் சோதிக்கும் சின்ன அலுவலகம் அது. ரோஸ்லின்தான் அதற்குத் தலைவி. ஒவ்வொரு முறையும் பழைய படம் சுத்தமாக அழிகிறதா, புதுப் படத்தின் நிறம் புள்ளி பிசகாமல் வந்து உட்காருகிறதா என்று பார்ப்பதுதான் வேலை. அதற்கு ஒரு படம் வேண்டுமென்று ஒருநாள் அங்கே வேலை பார்க்கும் நெவில் தன் மகள் படத்தைக் கொடுத்தான். கடற்கரையில், முன்பல் விழுந்த வாயோடு சிரிக்கிற படம். அன்று முதல் எல்லாருடைய திரையிலும் ஐவிதான்.

இப்போது அந்த இடத்தில் வெறும் கறுப்பு வெள்ளைக் கட்டங்கள்.

ஏன் என்று கேட்டதற்கு, சோதனைக்குக் கட்டமே போதும் என்று முடித்துக்கொண்டாள். அதன்பிறகு தேநீர் வேளையில் அவள் வந்தாலே பேச்சு நின்றது. கல்நெஞ்சுக்காரி என்று கூட வேலை பார்க்கும் ஹேமிஷ் அவள் காதுபடவே சொன்னான். அவள் கோப்பையைக் கழுவி வைத்துவிட்டுப் போனாள்.

நெவில் வேலைக்குத் திரும்பும் நாளில் ஹேமிஷ் மற்றவர்களுக்கு முன்னதாகவே அலுவலகம் வந்தான். தன்னிடமிருந்த ஐவியின் படத்தை நெவிலின் கணினியில் ஏற்றிவைத்தான். பாவம், மனிதனுக்கு ஆறுதலாக இருக்கட்டும்.

நெவில் வந்து உட்கார்ந்தான். சோதனையைத் தொடங்கினான்.

புதிதாக வந்திருந்த மென்பொருளில் பிழை. ஐவியின் முகம் துண்டு துண்டாகக் கிழிந்து வந்தது. அழிய வேண்டிய நேரத்தில் அழியவும் இல்லை. கிழிந்த முகத்தின் மேலேயே இன்னொரு கிழிந்த முகம் வந்து விழுந்தது.

நெவில் இரண்டு கைகளாலும் திரையை மறைத்தான். தோள்கள் குலுங்கின.

ரோஸ்லின் ஓடிவந்து திரையின் ஒயரைப் பிடுங்கினாள்.

"யார் வேலை இது?"

"நான்தான்" என்று எழுந்தான் ஹேமிஷ். "உங்களை மாதிரி அந்தப் பொண்ணைத் தூக்கியெறிய எனக்கு மனசு வரலை."

ரோஸ்லின் பிடுங்கிய ஒயரைச் சுருட்டிக்கொண்டிருந்தாள். நெவில்தான் முகத்தைத் துடைத்துக்கொண்டு பேசினான்.

"ரோஸ்லின் எறியலைடா. எம்பொண்ணு முகம் இப்படிக் கிழியறதை இனிமே என்னால பார்க்க முடியாதுன்னு நான்தான் எடுக்கச் சொன்னேன். பெத்தவனே எடுக்கச் சொன்னான்னு யாருக்கும் தெரிய வேண்டாம்னும் கேட்டுக்கிட்டேன்."