நான்கு தவறிய அழைப்புகள்

செல்போன் பேசிக்கொண்டே வண்டி ஓட்டும் வழக்கத்தைப் பூமியிலிருந்தே ஒழித்துக்கட்டும் மாபெரும் பணி, அன்று காலை பத்து மணிக்குத் தொடங்குவதாக இருந்தது. விழிப்புணர்வுப் படம் எடுக்கும் வாய்ப்புக்கு, கடைசிச் சுற்றில் இரண்டே மாணவர்கள். அவர்களில் ஒருத்தி, அப்பாவின் ஸ்கூட்டரில் பின்னால் உட்கார்ந்து அங்கேதான் போய்க்கொண்டிருந்தாள்.

ஸ்கூட்டர் மேம்பாலத்தில் ஏறியபோது, மழைக்கோட்டுக்குள் இருந்த அப்பாவின் செல்போன் அடித்தது.

"அப்பா, தேர்வுக் குழுவுலேருந்துதான் கூப்பிடுறாங்க. உங்க நம்பரைத்தான் குடுத்திருக்கேன்."

"கூப்பிடட்டும்."

மறுபடி அடித்தது. பின்னால் இருந்தவள் அவர் தோளைத் தட்டினாள்.

"ஓரமா நிறுத்தி எடுங்கப்பா."

"பாலத்துல நிறுத்தினா பின்னாடி வர்ற லாரி மேல ஏறிடும். உன் படக் கதையில 'மணி அடிக்கட்டும், உயிர் இருக்கட்டும்'னு எழுதினது யாரு?"

"நான்தான்."

"அப்ப வாயை மூடிட்டு உட்காரு."

நான்கு முறை அடித்து ஓய்ந்தது. பத்துக்கு ஐந்து நிமிடம் இருக்கையில், இருவரும் சொட்டச் சொட்ட நனைந்தபடி குழுவின் அலுவலகத்துக்குள் ஓடினார்கள்.

குழுவின் செயலாளர் காதில் வைத்திருந்த போனை உள்ளங்கையால் பொத்திக்கொண்டார்.

"உன் கதைதாம்மா முதல்ல இருந்துச்சு. வர்றீங்களான்னு கேக்க நாலு தடவை கூப்பிட்டோம், எடுக்கவே இல்ல. பொறுப்பில்லாதவங்களை நம்பி எப்படிப் படம் எடுக்கிறது? இன்னொரு பையனுக்குக் குடுத்துட்டோம்."

"அவங்க எடுத்தாங்களா சார்?"

"அவங்கப்பா முதல் மணியிலேயே எடுத்துட்டார். இதோ, இன்னும் லைன்லதான் இருக்கார்."

பையனின் அப்பா காரை ஓட்டிக்கொண்டே அலுவலகத்துக்கு வழி கேட்டுக்கொண்டிருந்தார்.