சுருட்டைக்குக் காது கேட்கவில்லை

“ரெண்டு காதும் போச்சு போல இருக்கு” என்றார் அச்சகக்காரர். மேஜைமேல் நின்ற சுருட்டை, தன்னைப் பற்றிய பேச்சு என்றே தெரியாமல் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

சுருட்டை அச்சகக்காரர் வீட்டு நாய். தலை முதல் வால் வரை சுருள் சுருளாக முடி, தொங்கு காது, ஐந்து வயது. ஒரு வாரமாகக் கூப்பிட்டால் திரும்புவதில்லை. வெளியூரில் இருக்கும் மகள் போனில் விஷயம் கேட்டதும், நாய்களுக்கு முடி வெட்டி, காது சுத்தம் செய்யும் இந்த பார்லரில் தானே நேரம் வாங்கிவிட்டு, அப்பா அம்மா இருவரும் சேர்ந்துதான் போக வேண்டும் என்று கறாராகச் சொல்லிவிட்டாள்.

சேர்ந்துதான் வந்தார்கள். பெஞ்சின் இந்தக் கோடியில் அவர், அந்தக் கோடியில் தையல் கடை வைத்திருக்கும் அவர் மனைவி. நடுவில் இன்னும் மூன்று பேர் தாராளமாக உட்காரலாம்.

குளிப்பாட்டும்போது காதில் தண்ணீர் போனதா என்று பார்லர்காரம்மா கேட்டாள்.

அச்சகக்காரர் நாயைப் பார்த்தார். “டேய் சுருட்டை, உன்னைக் குளிப்பாட்டினது யாருன்னு உங்கம்மாவையே சொல்லச் சொல்லு.”

“சுருட்டை, தண்ணி போகாமத்தான் குளிப்பாட்டினேன்னு உங்கப்பாகிட்ட சொல்லு” என்றாள் மனைவி.

சுருட்டை யாரிடமும் எதுவும் சொல்லவில்லை. பார்லர்காரம்மாவுக்கு விஷயம் புரிந்துவிட்டது. அவளும் கல்யாணம் ஆனவள்தான்.

மூன்று மாதமாக இந்தக் கூத்து. ஒரு விருந்தில் அவள் தைத்த சட்டையை அவர் நாலு பேர் முன்னால் கிண்டல் செய்தார். பதிலுக்கு அவள், அவர் அச்சடித்த அழைப்பிதழில் இருந்த பிழைகளை ஒவ்வொன்றாக எண்ணிச் சொன்னாள். அன்றோடு நின்றது பேச்சு.

அதன்பிறகு எல்லாம் சுருட்டை வழியாகத்தான். சோபாவில் அவன் நடுவில் படுத்திருப்பான். அவனுக்கு இடப்பக்கம் அவர், வலப்பக்கம் அவள். சாப்பாடு ஆச்சு, சாவி ஆணியில் இருக்கு, மகள் போன் செய்தாள் என்று எது சொன்னாலும் அவனிடம் சொல்வார்கள். அவன் தலையைத் திருப்பி வாலை ஆட்டினால், சேதி போய்ச் சேர்ந்ததாகக் கணக்கு.

அவனுக்குக் காது போனால் அந்த வீட்டில் மிச்சமிருந்த பேச்சும் போச்சு. இருவர் முகத்திலும் ஈயாடவில்லை.

எந்தக் காதில் கோளாறு என்று பார்லர்காரம்மா கேட்டாள்.

“இடது காதைப் பாருங்க, போதும். பதினெட்டு வருஷமா அச்சு மெஷின் பக்கத்துல நிக்கறவன், காதைப் பத்தி எனக்குத் தெரியும்.”

“வலது காதுதாங்க. இடதைத் தொடவே வேண்டாம்” என்றாள் மனைவி.

நாயின் காதில்கூடவா ஒத்துப்போகாது என்று நினைத்துக்கொண்டு, இரண்டையும் பார்த்துவிடுவதாகச் சொன்னாள் பார்லர்காரம்மா.

சுருள்முடி நாய்களுக்குக் காதுக்குள்ளும் முடி வளரும். கவனிக்காமல் விட்டால் கதவு சாத்தியது போல் அடைத்துக்கொள்ளும். அவள் முதலில் முகர்ந்து பார்த்தாள், நாற்றம் இல்லை. விரலில் பவுடர் தொட்டுக்கொண்டு நாலைந்து முடியாகப் பிடுங்கத் தொடங்கினாள். சுருட்டை லேசாகச் சிணுங்கியதும், பெஞ்சின் இரண்டு கோடியிலிருந்தும் “மெதுவா” என்று ஒரே சமயத்தில் குரல் வந்தது.

இடது காதில் முடி விலகியதும் மெத்தென்று ஏதோ தட்டுப்பட்டது. இடுக்கியால் எடுத்தாள். சின்னத் துணி உருண்டை. உள்ளே பஞ்சு, விளிம்பில் பொடித் தையல், வெளியே இழுக்க வசதியாக ஒரு நூல். அச்சகக்காரர் மெதுவாக மனைவி பக்கம் திரும்பினார். அவள் மின்விசிறியை ஆராய்ந்துகொண்டிருந்தாள்.

வலது காதிலிருந்து ஆரஞ்சு நிறத்தில் ஒரு ஸ்பஞ்சுத் துண்டு வந்தது. மெஷின் சத்தத்துக்காக அச்சகத்தில் காதில் செருகிக்கொள்வது. நாய்க்கு வலிக்கக் கூடாதென்று ஓரத்தையெல்லாம் வெட்டிச் சீராக்கியிருந்தது. இப்போது மின்விசிறியை ஆராய்வது அவர் முறை.

பார்லர்காரம்மா இரண்டையும் தட்டில் பக்கத்துப் பக்கத்தில் வைத்தாள். இரண்டு காதிலும் மருந்துத் தண்ணீர் விட்டு, காதடியைப் பிசைந்து, பஞ்சால் துடைத்தாள். சுருட்டை தலையை ஓர் உதறு உதறினான். உள் அறையில் யாரோ பிஸ்கட் பொட்டலம் பிரிக்க, சட்டென்று அந்தப் பக்கம் திரும்பினான். பாம்புக் காது.

“ஒருத்தர் பேசறது இன்னொருத்தருக்குப் போய்ச் சேரக் கூடாதுன்னு, வாயில்லா ஜீவன் காதை அடைப்பீங்களா?” என்றாள் பார்லர்காரம்மா. “புண்ணாகியிருந்தா என்ன பண்ணுவீங்க? சின்னப் பிள்ளைங்களா நீங்க?”

இருவரும் தலைகுனிந்து உட்கார்ந்திருந்தார்கள். இருவருக்குமே வெட்கமாகத்தான் இருந்தது.

மனைவி நாயைப் பார்த்துப் பேசினாள்.

“சுருட்டை, அதுக்காக இல்லைன்னு உங்கப்பாகிட்ட சொல்லு. உனக்குக் காது கேக்கலைன்னா, வேற வழியில்லாம எங்கிட்ட நேராப் பேசிடுவாருன்னு நெனச்சுத்தான் வெச்சேன்னு சொல்லு.”

சுருட்டை கடமை தவறாமல் தலையைத் திருப்பி அவரைப் பார்த்தான். வாலையும் ஆட்டினான்.

அச்சகக்காரர் நாயைப் பார்க்கவில்லை. பெஞ்சின் அந்தக் கோடியைப் பார்த்தார்.

“நீயுமா?”