சொஜ்ஜி இல்லாத தட்டு

தட்டைப் பார்த்ததும் எத்திராஜுக்குச் சுருக்கென்றது.

பெண் பார்க்க வந்த வீட்டில் சொஜ்ஜியைக் காணோம். பஜ்ஜியையும் காணோம். விரல் விரலாக நறுக்கிய வெள்ளரி, முள்ளங்கி, கேரட். எல்லாம் வேகவைக்காத பச்சைக் காய். பக்கத்தில் மூன்று சின்னக் கிண்ணங்கள்.

"இது துணியில கட்டி வடிச்ச தயிரு, புதினா போட்டிருக்கு. இது வேர்க்கடலை. அது எள்ளும் தேங்காயும். காயை இதுல தொட்டுக்கினு சாப்பிடுங்க" என்றாள் பெண் சொர்ணம்.

எத்திராஜின் மச்சினன் முனியன் ஒரு முள்ளங்கித் துண்டைத் தூக்கிப் பார்த்தான்.

"இன்னா மாமா, மாப்பிள்ளை ஊட்டுக்காரங்க வர்றோம்னு சொன்னியா, ஆடு ஓட்டிக்கினு வர்றோம்னு சொன்னியா?"

மாப்பிள்ளை பாஸ்கரன் தலையைக் குனிந்துகொண்டான்.

எத்திராஜுக்குப் பழைய எரிச்சல் கிளம்பியது. பெண்ணின் அப்பா வீரராகவனும் அவரும் ஆவடியில் ஒரே ஃபேக்டரி. வீரராகவனின் மூத்த பெண் கல்யாணத்தில் எத்திராஜுக்குக் கடைசிப் பந்தியில்தான் இடம் கிடைத்தது. உட்காரும்போது பாயசம் தீர்ந்துவிட்டது. அதை அவர் மறக்கவில்லை. மறக்கிற ஆளும் இல்லை. பையன் பிடிவாதம் பிடித்ததால்தான் இந்த மேனாம்பேட்டு வீட்டுப் படியையே மிதித்தார்.

"அன்னிக்குப் பாயசம் இல்ல. இன்னிக்கு சொஜ்ஜி இல்ல. உன் ஊட்டுல எனக்கு இனிப்பே கெடையாதா வீரராகவா?"

சத்தமாகக் கேட்டாரே தவிர, உள்ளுக்குள் நிம்மதிதான். அவருக்குச் சர்க்கரை வியாதி. மனைவி கண்ணம்மாவைத் தவிர யாருக்கும் தெரியாது, பெற்ற பிள்ளைக்குக்கூட. தெரிந்தால் எவன் பெண் கொடுப்பான்? ஆவடியில் தெரிந்த முகம் யாராவது பார்த்துவிடும் என்று பூந்தமல்லி சர்க்கரை டாக்டரிடம் போவார். அங்கேயும் தலையில் துண்டைப் போர்த்திக்கொண்டு திருடன் மாதிரி பெஞ்சில் உட்கார்ந்திருப்பார். போன மாதம் காட்டுப்பாக்கத்தில் பெண் பார்த்தபோது, மானத்துக்குப் பயந்து தட்டிலிருந்த சொஜ்ஜியை வழித்துத் தின்றுவிட்டு, வீட்டுக்கு வந்து தலைசுற்றிப் படுத்தார்.

ஒரு வெள்ளரித் துண்டைத் தயிரில் தோய்த்துக் கடித்தார். நன்றாகத்தான் இருந்தது. வெளி வீட்டில் பயமில்லாமல் சாப்பிட்டு எத்தனை நாளாயிற்று! இன்னொன்று எடுத்தார். கடைசியில் கிண்ணத்தையே வழித்தார்.

"கோச்சுக்காதே அண்ணாத்தே." வீரராகவன் கொஞ்சம் தயங்கினார். "எனக்குச் சக்கரை வியாதி. அதான் ஊட்டுல எல்லாரும் இதையே சாப்பிட்டுப் பழகிட்டோம்."

"சக்கரையா?" முனியன் நிமிர்ந்தான். "அது பரம்பரையா வர்றதாச்சே மாமா!"

எல்லோரும் எத்திராஜைப் பார்த்தார்கள். அவர் நினைத்திருந்தால் அதோடு விட்டிருக்கலாம். ஆனால் அந்தக் கடைசிப் பந்தி ஞாபகம் வந்தது. துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்தார்.

"நல்லவேளை, இப்பவே சொன்னே. நோய் கீற ஊட்டுல என் பையனுக்குப் பொண்ணு எடுக்க மாட்டேன். கெளம்புங்க எல்லாரும்."

சொர்ணம் தட்டுகளை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். வீரராகவன் வாசல்வரை வந்து கும்பிட்டார்.

பாஸ்கரன் கோபத்தில் யாருக்கும் காத்திருக்காமல் நடந்துவிட்டான். அவனைச் சமாதானப்படுத்த முனியனும் பின்னால் ஓடினான். பஸ் ஸ்டாப்பில் எத்திராஜும் கண்ணம்மாவும்தான். சமையலறையில் பெண்களோடு இருந்துவிட்டு வந்ததிலிருந்து அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டிருந்தாள்.

"இன்னாடி மூஞ்சியைத் தூக்கி வெச்சிக்கினு கீறே? நான் கேட்டது தப்பா?"

"பூந்தமல்லியில உன் டாக்டருக்கு மேல் மாடியில டைப் அடிக்கக் கத்துக் குடுக்கறாங்களே..."

"ஆமா, எந்நேரமும் டொக்கு டொக்குன்னு. அதுக்கு இன்னா இப்போ?"

"அங்கதான் அந்தப் பொண்ணு போவுது. படி எறங்கறப்போ உன்னைப் பெஞ்சில பாத்துகீது. என் காதுல மெதுவா கேட்டுச்சு. 'மாமாவுக்கு இப்ப தேவலையா அத்தே? சபையில இனிப்பு வேணாம்னு சொல்லக் கூச்சப்படுவாரு, அதான் எல்லாருக்கும் இதையே செஞ்சேன்'னு."

எத்திராஜின் கை தோள் துண்டைப் பிடித்துக்கொண்டது.

"அப்போ வீரராகவன் தனக்குச் சக்கரைன்னு சொன்னது?"

"அவுரு அப்பிடிச் சொன்னதும் அவுரு பொண்டாட்டியே அசந்துபோயி என்னைப் பாத்துச்சு. அந்த மனுசனுக்கு ஒண்ணும் கெடையாது. நீ நாலு பேர் முன்னாடி கேட்டே, பொண்ணு சொல்லித் தெரிஞ்சிகீறவரு, உன்னுதை எடுத்துத் தன் தலையில போட்டுக்கினாரு. நான் வாயைத் தொறந்தா உன் மானம் போவுமேன்னு சமையக்கட்டு வாசப்படியிலயே கல்லாட்டம் நின்னேன்."

பஸ் வந்து நின்றது. எத்திராஜ் ஏறவில்லை.

கண்ணம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்தாள்.

"நோய் கீற ஊடுன்னு சொன்னியே, அது நம்ம ஊடுய்யா."