வாங்க, ஒரு வாய் சாப்பிடலாம்

"அதுக்கென்ன ஐயா, வர்றோம்!" என்று பெஜ்மான் சொன்னதும் அவன் மனைவி தரானேவுக்குப் பகீரென்றது.

கூப்பிட்டவர் ஹாஜி ஜலீல். யஸ்த் நகரத்து மண்சுவர்ச் சந்து ஒன்றில் தன் வீட்டு வாசலில் நின்றுகொண்டிருந்தார். அவரிடம் வழி கேட்டார்கள், அவ்வளவுதான். வழி சொல்லிவிட்டு, "வெயில்ல வந்திருக்கீங்க, உள்ள வாங்க, ஒரு வாய் சாப்பிட்டுப் போகலாம்" என்றார்.

ஈரானில் வாசலில் நிற்கிறவர்கள் இப்படித்தான் கூப்பிடுவார்கள். நெஞ்சில் கை வைத்து, "உங்க நிழல் குறையாம இருக்கட்டும்" என்று சொல்லிவிட்டு நடையைக் கட்ட வேண்டும். குழந்தைக்குக்கூடத் தெரியும்.

ஹாஜி ஒரு கணம் திருதிருவென்று விழித்தார். "நிஜமாவா?" என்றார்.

பாவம், வசமாக மாட்டிக்கொண்டார் என்று தரானேவுக்குத் தோன்றியது. "இல்லைங்க ஹாஜி, இவர் சும்மா சொல்றார். இப்பதான் சாப்பிட்டு வர்றோம்."

"எங்கே சாப்பிட்டோம்?" என்றான் பெஜ்மான்.

"நான் ஒப்புக்குக் கூப்பிடலைம்மா, சத்தியமா!" என்றார் ஹாஜி. அந்தச் சத்தியத்தையும் ஒப்புக்குச் செய்வதுதானே வழக்கம்!

நடைவழியில் தரானே கணவனின் முழங்கையைக் கிள்ளினாள். "மூணு தடவை கூப்பிட்டா மூணு தடவையும் வேண்டாம்னு சொல்லணும்னு உங்கம்மா சொல்லித் தரலையா?"

"மூணாவது தடவை வரைக்கும் நின்னா நான் மயங்கி விழுந்துடுவேன். வாசல்லயே பட்டை வாசனை வருது, உனக்கு வரலையா?"

உள்ளே போனவள் அப்படியே நின்றுவிட்டாள். தரையில் பெரிய விரிப்பு. அதில் பத்துப் பேருக்குத் தட்டு. நடுவில் கறிக்குழம்பு, குங்குமப்பூச் சோறு, தயிர், பச்சையாகவே கடித்துக்கொள்ளக் கீரைக்கட்டு.

"ஐயோ, யாரோ விருந்தாளிங்க வரப்போறாங்க. அவங்க சோத்துல நாம கை வைக்கப்போறோம்!" என்று கணவனின் காதில் பதறினாள்.

"பத்துப் பேர் சாப்பாட்டுல ரெண்டு பேர் சாப்பிட்டா தெரியவா போகுது?"

விரிப்பின் ஓரத்தில் உட்கார்ந்திருந்த ஹாஜியின் மனைவி பத்தூல் சட்டென்று எழுந்து முக்காட்டைச் சரிசெய்தாள். "வாங்க, வாங்க" என்று சொல்லிவிட்டுக் கணவனை ஒரு பார்வை பார்த்தாள். நிச்சயம் திட்டுகிற பார்வைதான் என்று தரானே முடிவுகட்டினாள்.

பெஜ்மான் சம்மணம் போட்டு உட்கார்ந்தான். அப்புறம் யாரும் அவனைத் தடுக்கவில்லை.

"எந்த ஊரு தம்பி?"

"ராஷ்த், அம்மா. வருஷம் பூரா மழை. நாலு நாள் வெயில் காயலாம்னு உங்க ஊருக்கு வந்தோம். வந்ததுலேருந்து ஒட்டகச் சவாரி, மொட்டைமாடி டீக்கடை, மிட்டாய்க்கடைன்னு ஒண்ணு விடல. இவ மூக்கைப் பாருங்க, தோலே உரிஞ்சு போச்சு!"

"அவ்வளவு மழையா? அப்போ துணியெல்லாம் எப்படிக் காயும்?"

"யாரும்மா காய வெச்சா? ஈரத்தோடவே போட்டுக்குவோம். உடம்புல காஞ்சாத்தான் உண்டு."

பத்தூல் சிரித்தாள். வாயைப் பொத்திக்கொண்டு, தோள் குலுங்கச் சிரித்தாள்.

தரானே சிரிக்கவில்லை. நாலு வாய் கொறித்துவிட்டு வாசலையே பார்த்துக்கொண்டிருந்தாள். எந்த நிமிஷமும் உண்மையான விருந்தாளிகள் வந்து நிற்பார்கள். பாதி காலியான சட்டியைப் பார்ப்பார்கள். முகத்தை எங்கே கொண்டுபோய் வைத்துக்கொள்வது?

அப்போதுதான் பெஜ்மான் அதைக் கேட்டான். "அம்மா, அடிச்சட்டியில முறுகலாச் சோறு இருக்குமே, அது இருக்கா?"

தரானே கண்ணை மூடிக்கொண்டாள். அந்த முறுகல் சோற்றை வீட்டுக்காரர்கள் தாங்களாக எடுத்து வைத்தாலே, "நீங்க சாப்பிடுங்க" என்று தள்ளிவிட வேண்டும். இவன் கேட்டு வாங்குகிறான்!

பத்தூல் முழுவட்டத்தையும் கொண்டுவந்து அவன் தட்டில் கவிழ்த்தாள். மொறுமொறுவென்று கடிக்கும் சத்தம் முற்றம் வரை கேட்டிருக்கும்.

அத்தோடு விட்டானா? கூரையிலிருந்த காற்றுக்கோபுரம் வழியாகக் குளுகுளுவென்று காற்று இறங்கும் இடமாகப் பார்த்து, ஹாஜி போட்ட தலையணையில் சாய்ந்தான். "வாழ்ந்தா இந்த ஊர்லதான் வாழணும்" என்றான். அடுத்த நிமிஷம் குறட்டை.

வெயில் தாழ்ந்த பிறகுதான் எழுந்தான். எழுந்த கையோடு, குழம்பில் என்ன பொடி போட்டார்கள் என்று கேட்டுக்கொண்டே பத்தூலின் பின்னால் சமையலறைக்குள் போய்விட்டான்.

தரானேவுக்கு அழுகையே வந்துவிட்டது. வாசலில் நின்ற ஹாஜியிடம் ஓடினாள்.

"எங்களை மன்னிச்சுடுங்க ஹாஜி. உங்க விருந்தாளிங்க வந்தா என்ன பதில் சொல்வீங்க? எங்க வீட்டுக்காரருக்கு நாகரிகமே தெரியாது. நீங்க பேச்சுக்குக் கூப்பிட்டீங்க, இவர் வந்து உட்கார்ந்துட்டார்."

ஹாஜி சமையலறைப் பக்கம் திரும்பிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"யாரும் வர மாட்டாங்கம்மா. ரெண்டு வருஷத்துக்கு அப்புறம் எங்க பொண்ணு குடும்பத்தோட இன்னிக்கு வர்றதா இருந்தது. சமைச்சு முடிக்கிற நேரத்துல போன் பண்ணி வரலைன்னுட்டா. அப்போ அந்த விரிப்போரமா உட்கார்ந்த பத்தூல் எழுந்திருக்கவே இல்லை. பேச்சு இல்லை. தட்டை எடுக்கவும் விடலை. எனக்குப் பயமாப் போச்சு. அதான் வாசல்ல வந்து நின்னேன்."

உள்ளே பத்தூல் பெஜ்மானை அதட்டுவது கேட்டது. "கையை எடுய்யா! கட்டித் தர்றதுக்குள்ள திங்கிறியே!" அதட்டலோடு சிரிப்பும் கேட்டது.

ஹாஜி கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"இந்தச் சந்துல போன அத்தனை பேரையும் கூப்பிட்டுப் பார்த்தேம்மா. என் போதாத காலம், எல்லாருமே நாகரிகம் தெரிஞ்சவங்களா இருந்தாங்க!"