கழிச்சுவரில் நின்றது

கூண்டுக்குள் கிடந்தது நரிதான்.

பிழைக்க வந்த தமிழர்கள் நிறைந்த சீத்தா கேம்ப்பின் கடைசிச் சந்தில், சதுப்புக்காட்டை ஒட்டிய சுவரோரம், காலை ஏழு மணிக்கே ஊர் கூடிவிட்டது. ஹபீபா ஆட்களை விலக்கிக்கொண்டு முன்னால் வந்தாள். கூண்டைப் பார்த்ததும் பக்கத்தில் நின்ற நாகலக்ஷ்மியின் தோளைப் பிடித்துக்கொண்டாள்.

சொறி பிடித்த நரி. உடம்பில் பாதிக்கு மேல் முடியே இல்லை. தோல் கறுத்துத் தடித்து, காதுகள் மட்டும் நீளமாகத் துருத்திக்கொண்டிருந்தன. சொன்னால்தான் நரியென்று தெரியும்.

மூன்று வாரமாக அந்தச் சந்தில் யாருக்கும் சரியான தூக்கமில்லை.

முதலில் பார்த்தது நாகலக்ஷ்மி. மீன் எடுக்க விடியற்காலையில் கிளம்பியவள், முடியில்லாத நாலுகால் பேய் ஒன்று குப்பையைக் கிளறுவதைக் கண்டு கூடையைப் போட்டுவிட்டு ஓடி வந்தாள். ஆட்டோ ஓட்டுகிற அஸாருதீன் பார்த்தது இரண்டு காலில் நின்றது. சுவரில் கை ஊன்றி, அந்தப் பக்கம் கடல்நீர் ஏறி இறங்கும் கழியைப் பார்த்துக்கொண்டு நின்றதாம். முகமெல்லாம் முடியாம்.

ஓநாய் மனுசன் என்று பேராகிவிட்டது.

இரண்டு பேர் சொன்னதும் ஒத்துப்போகவில்லையே என்று யாரும் கேட்கவில்லை. பயம் வந்துவிட்டால் அதெல்லாம் தோன்றாது.

போன வெள்ளிக்கிழமை பையன்கள் இரும்புக் கம்பிகளோடு சுவரோரம் காவலுக்குக் கிளம்பினார்கள். கண்ட இடத்தில் அடித்துப் போட்டுவிடுவது என்று பேச்சு. நாலு பேர் முன்னால் வாய் திறந்தே பழக்கமில்லாத ஹபீபா, அன்றைக்குச் சந்து நடுவில் வந்து நின்று கத்தினாள்.

“ஏலே, கம்பியக் கீழ போடுங்க! ஃபாரஸ்ட்டுக்குப் போன் போட்டுக் கூண்டு வைக்கச் சொல்லுங்க. என்ன ஏதுன்னு தெரியாம அடிச்சுக் கொன்னுருவீங்களா?”

ஹபீபா மாமிக்கு மிருகத்து மேல் இவ்வளவு இரக்கமா என்று சிரித்தார்கள். ஆனாலும் போன் போட்டார்கள்.

இப்போது வனத்துறை அதிகாரி மராத்தி கலந்த இந்தியில் பொறுமையாக விளக்கினார். நோயில் முடி கொட்டிவிட்டது. இரை பிடிக்கத் தெம்பில்லாமல் இறைச்சிக் கழிவைத் தேடி வந்திருக்கிறது. முன்னங்காலைச் சுவரில் தூக்கி வைத்து மோப்பம் பிடித்தால், அரை வெளிச்சத்தில் ஆள் நிற்கிற மாதிரிதான் தெரியும். அவ்வளவுதான் விஷயம்.

யாரோ சிரிக்க, கூட்டமே சிரித்தது.

அஸாருதீன் மட்டும் நெற்றியைச் சுருக்கினான். “நான் பாத்ததுக்கு மூஞ்சியில முடி இருந்துச்சே.”

“தூக்கக் கலக்கத்துல பாத்திருப்ப தம்பி,” என்று ஹபீபா முந்திக்கொண்டாள்.

மறுபடியும் சிரிப்பு. அவனும் தலையைச் சொறிந்துகொண்டு சிரித்துவிட்டான். பையன்கள் கம்பிகளைத் தூக்கிக்கொண்டு பழைய இரும்புக் கடைக்குத் திருப்பிக் கொடுக்கப் போனார்கள்.

கூண்டு ஏற்றிய வண்டி திருப்பம் தாண்டி மறைகிறவரை ஹபீபா நின்றாள். பிறகு வேகவேகமாக வீட்டுக்கு வந்து கதவைத் தாழிட்டாள்.

உள்ளே, திரைக்குப் பின்னால், மகள் சஃப்ரீன் உட்கார்ந்திருந்தாள். வெள்ளிக்கிழமையிலிருந்து அவள் வாசல் தாண்டவில்லை.

“அத அடிச்சாங்களா உம்மா?”

“இல்ல புள்ள. நரி. மருந்து போட்டுக் காட்டுல விட்ருவாங்களாம்.”

ஹபீபா மகள் பக்கத்தில் உட்கார்ந்தாள். இத்தனை நாள் வராத அழுகை அப்போதுதான் வந்தது. அழுதுகொண்டே சிரித்தாள். சஃப்ரீனின் முகத்தைத் தன் பக்கம் திருப்பி, நெற்றியிலிருந்து தாடை வரை பிறந்ததிலிருந்தே அடர்ந்து கிடக்கும் மெல்லிய முடியை விரலால் கோதிவிட்டாள். டாக்டர்கள் அதற்கு ஒரு பேர் சொன்னார்கள், மருந்து சொல்லவில்லை. வெளியே போனால் சஃப்ரீனுக்கு எப்போதும் முகத்திரைதான்; அது விலகுவது விடியற்காலையில் அந்தச் சுவரோரம் பத்து நிமிஷம் மட்டும், கழிக்காற்று வாங்க.

“நாளைக்குப் போவோம். நானும் வாறேன்,” என்றாள் ஹபீபா. “அஸாருதீன் ஆட்டோ எடுக்கதுக்குள்ள திரும்பிரணும்.”